தெருவைப் பார்த்த கண்ணும் பார்க்காத வாடகையும்

ஜேன் ஜேக்கப்ஸ் எழுதிய 'தி டெத் அண்ட் லைஃப் ஆஃப் கிரேட் அமெரிக்கன் சிட்டீஸ்' 1961இல் வந்தது. நகரத் திட்டமிடல் படிக்கிறவர்களுக்கு அது கிட்டத்தட்ட பாடநூல். எங்கள் மென்பொருள் துறையிலும் அதற்குத் தனி மரியாதை உண்டு. காரணம், அதன் கடைசி அத்தியாயம். நகரம் என்பது பல விஷயங்கள் ஒன்றையொன்று பாதித்துக்கொண்டே இயங்கும் ஒரு சிக்கலான அமைப்பு, அதை மேலிருந்து ஒருவர் வரைபடம் போட்டு உருவாக்கிவிட முடியாது என்று வாரன் வீவரின் ஒரு கட்டுரையை வைத்து அதில் வாதிடுகிறார். டிசைன் பேட்டர்ன் என்ற யோசனையையே கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக் கலைஞரிடமிருந்து வாங்கிக்கொண்டவர்கள் நாம். ஜேக்கப்ஸ் நமக்குப் பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை.

எனக்கும் பிடிக்கும். மூன்று முறை படித்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு இடத்தில் இடிக்கும். அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. சுருக்கமாகச் சொன்னால்: ஒரு பேட்டை தன் சொந்த மக்களோடு முன்னேறுகிறதா, அல்லது அந்த மக்களை வெளியேற்றிவிட்டு முன்னேறுகிறதா என்பதைத் தெருவில் நின்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஜேக்கப்ஸின் முறையோ முழுக்க முழுக்கத் தெருவில் நின்று பார்க்கும் முறை.

முதலில் அவர் யாரை எதிர்த்து எழுதினார் என்று பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் விமர்சனம் நியாயமாக இருக்காது.

1949இல் அமெரிக்காவில் வீட்டுவசதிச் சட்டம் ஒன்று வந்தது. அதன் முதல் பிரிவுப்படி, ஒரு பகுதியைச் 'சேரி' என்று நகராட்சி அறிவித்தால் நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தி, இடித்து, தனியாரிடம் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். அதில் வரும் நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு ஏற்கும். நியூயார்க்கில் இதை நடத்தியவர் ராபர்ட் மோசஸ். இன்று லிங்கன் சென்டர் கலையரங்கங்கள் இருக்கும் இடத்தில் கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் நிறைந்த சான் ஹுவான் ஹில் பகுதி இருந்தது. அந்தத் திட்டத்தால் வெளியேற்றப்பட்டவை சுமார் 7,000 குடும்பங்கள். பாஸ்டனில் வெஸ்ட் எண்ட் என்ற பேட்டையை 1958 முதல் 1960 வரை தரைமட்டமாக்கினார்கள். அங்கே சுமார் 2,700 குடும்பங்கள். 'நகரப் புதுப்பிப்பு' என்ற சொல்லுக்கு அன்றைக்கு இதுதான் அர்த்தம்.

ஜேக்கப்ஸ் குடியிருந்த வெஸ்ட் வில்லேஜ் மீதும் 1961இல் அதே கை விழுந்தது. 14 பிளாக்குகளைப் புதுப்பிப்புத் திட்ட ஆய்வுக்கு எடுப்பதாக நகராட்சி அறிவித்தது. அக்கம்பக்கத்தவர்களைச் சேர்த்துக்கொண்டு அவர் போராடினார். அடுத்த ஆண்டு திட்டம் கைவிடப்பட்டது. பிறகு கீழ் மன்ஹாட்டன் வழியாகப் போகவிருந்த விரைவுச் சாலையையும் தடுத்த போராட்டத்தில் அவர் முக்கியமானவர். அது வந்திருந்தால் இன்றைய சோஹோவின் பெரும்பகுதி இருந்திருக்காது. புல்டோசருக்கு எதிரான அவருடைய வாதத்தில் நான் ஒரு வரி கூடக் குறைக்க மாட்டேன்.

என் பிரச்சினை புல்டோசர் போன பிறகு ஆரம்பிக்கிறது.

ஒரு தெரு உயிரோடு இருக்க நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்கிறார் ஜேக்கப்ஸ். ஒரே பகுதியில் பலவிதமான பயன்பாடுகள் இருக்க வேண்டும். பிளாக்குகள் சின்னதாக இருக்க வேண்டும். பழைய கட்டடங்களும் புதியவையும் கலந்திருக்க வேண்டும். ஜன அடர்த்தி போதுமான அளவு இருக்க வேண்டும். இவை இருந்தால் எந்நேரமும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும், தெருவின் மீது எப்போதும் சில கண்கள் இருக்கும், குழந்தைகள் பத்திரமாக இருப்பார்கள். வெளியூர் போகிறவர்கள் வீட்டுச் சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்து வைக்கும் பழக்கத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. அண்ணாச்சி கடையில் சாவி கொடுத்துட்டுப் போன தலைமுறைக்கு அதை விளக்கவே வேண்டாம்.

இந்த நான்கில் மூன்றாவதைக் கவனியுங்கள். பழைய கட்டடம் என்று அவர் சொல்வது அழகான மாளிகைகளை அல்ல. சாதாரணமான, சுமாரான பழைய கட்டடங்களை. புதுக் கட்டடத்தில் கட்டுமானச் செலவை மீட்க வேண்டும், அதனால் வாடகை அதிகம். பழைய கட்டடத்தில் அந்தச் செலவு எப்போதோ தீர்ந்துவிட்டது, அதனால் வாடகை குறைவு. குறைந்த வாடகை இருந்தால்தான் சின்னக் கடை, புது முயற்சி, கையில் காசில்லாத ஆள் எல்லாருக்கும் இடம் கிடைக்கும். இதுதான் வாதம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாடகை அப்படி நிர்ணயமாவதில்லை. கட்டச் செலவானது எவ்வளவு என்று எந்த வீட்டுக்காரரும் கணக்குப் போட்டு வாடகை சொல்வதில்லை. அடுத்து வருகிறவர் எவ்வளவு கொடுப்பார் என்பதுதான் கணக்கு. 1961இல் அந்தத் தெருவில் வாடகை குறைவாக இருந்ததற்குக் காரணம் செங்கல்லின் வயது மட்டுமல்ல. வசதியுள்ள வெள்ளைக் குடும்பங்கள் புறநகருக்குப் போய்க்கொண்டிருந்தன. பழைய நகரப் பகுதிகளுக்கு வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கின. இந்த இரண்டும் பலருக்கும் தெரிந்தவை.

மூன்றாவது காரணத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943இல், நியூயார்க் வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1945இல் கடைகளுக்கும் வணிக இடங்களுக்கும் தனியாக ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அது 1963 முடிவில்தான் காலாவதியானது. அதாவது ஜேக்கப்ஸ் ஜன்னலில் உட்கார்ந்து ஹட்சன் தெருவைக் கவனித்து எழுதிய காலத்தில், அந்த நகரத்தின் பழைய வீடுகள் பெரும்பாலானவற்றுக்கும் பல கடைகளுக்கும் சட்டப்படி ஒரு வாடகை வரம்பு இருந்தது. அவருடைய நான்கு நிபந்தனைகளில் இது இல்லை. மேடையில் நடக்கும் நடனத்தை மிக நுணுக்கமாக எழுதியவர், மேடையைத் தாங்கி நின்ற தூண்களில் ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதை அவர் அப்பாவியாக எழுதினார் என்று சொல்லிவிடவும் முடியாது. புத்தகத்தின் 13ஆம் அத்தியாயமே, வெற்றி பெற்ற ஒரு தெரு தன் வெற்றியாலேயே எப்படி அழிகிறது என்பதைப் பற்றியது. கிரீனிச் வில்லேஜின் 8ஆம் தெருவை உதாரணம் காட்டுகிறார். அங்கே உணவகங்கள் நல்ல லாபம் பார்த்தன. அதிக வாடகை கொடுத்தன. புத்தகக் கடை போன்றவற்றை ஓரங்கட்ட ஆரம்பித்தன. எந்தத் தொழில் அதிக லாபம் தருகிறதோ அது மற்றவற்றைத் தள்ளிவிடும், கடைசியில் தெருவே ஒரே மாதிரி ஆகிவிடும் என்று தெளிவாகச் சொல்கிறார். ஜேக்கப்ஸுக்கு ஜென்ட்ரிஃபிகேஷன் தெரியாது என்று போகிறபோக்கில் எழுதுகிறவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அவர் சொல்லும் மருந்துகளைப் பாருங்கள். ஒரே விதமான பயன்பாடு பெருகாமல் விதிமுறை போடுவது, பொதுக் கட்டடங்கள் விலைக்கு மயங்காமல் தங்கள் இடத்திலேயே நிற்பது, இதே மாதிரி உயிருள்ள தெருக்களை வேறு இடங்களிலும் உருவாக்கிக் கூட்டத்தைப் பிரித்துவிடுவது. மூன்றும் கட்டடத்தையும் பயன்பாட்டையும் பற்றியவை. ஏற்கனவே வாடகைக்கு இருக்கும் ஒருவர் தொடர்ந்து இருக்க என்ன உரிமை என்ற கேள்வி இந்த மூன்றிலும் வரவில்லை.

இத்தனைக்கும், மக்கள் தொடர்ந்து இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று முதலில் சொன்னவர்களில் அவரும் ஒருவர். என் பார்வையில் புத்தகத்தின் ஆகச் சிறந்த பகுதி 15ஆம் அத்தியாயம். சேரி என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு பகுதி எப்படித் தானாகவே சேரித்தன்மையை உதறுகிறது என்று அதில் விளக்குகிறார். கொஞ்சம் வசதி வந்ததும் வெளியேறிவிடாமல், விருப்பப்பட்டு அங்கேயே தங்குகிறவர்கள் பெருகும்போது அது நடக்கிறது. பாஸ்டனின் நார்த் எண்ட் இதற்கு அவர் காட்டும் உதாரணம். வங்கிகள் அங்கே அடமானக் கடன் கொடுக்கவில்லை. மக்கள் சொந்தச் சேமிப்பிலும் ஒருவருக்கொருவர் கைவேலை செய்து கொடுத்தும் வீடுகளைச் செப்பனிட்டார்கள். புத்தகங்களில் அது சேரி, நேரில் போய்ப் பார்த்தால் நல்ல பேட்டை.

இப்போது வேறொரு விவரணையை இதன் பக்கத்தில் வையுங்கள். 1964இல் லண்டனைப் பற்றி எழுதிய ரூத் கிளாஸ், 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்ற சொல்லை உருவாக்கினார். உழைக்கும் மக்கள் இருந்த பகுதிகளில் நடுத்தர வர்க்கத்தினர் ஒவ்வொரு வீடாக வாங்குகிறார்கள். குத்தகைக் காலம் முடிந்ததும் பழையவர்கள் போகிறார்கள். வீடு செப்பனிடப்பட்டு அழகாகிறது. கடைசியில் அந்தப் பகுதியின் சமூகக் குணமே மாறிவிடுகிறது.

இரண்டையும் தெருவில் நின்று பார்த்தால் என்ன தெரியும்? இரண்டிலும் புது பெயின்ட், சரிசெய்த ஜன்னல், நல்ல கடைகள், ராத்திரியிலும் ஆள் நடமாட்டம். படத்தில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் உள்ளே இருப்பது யார் என்பதில் இருக்கிறது. அது வாடகை ஒப்பந்தத்தில் தெரியும், பத்திரத்தில் தெரியும், பத்து வருட இடைவெளியில் எடுத்த இரண்டு மக்கள்தொகைக் கணக்குகளை ஒப்பிட்டால் தெரியும். நடைபாதையில் தெரியாது. நம்ம பாஷையில சொன்னா, லாக் எழுதாத ஒரு நிகழ்வை டாஷ்போர்டில் தேடுற மாதிரி. ஒரு குடும்பத்தின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்பது சத்தமே வராத சம்பவம். லாரி ஒன்று வந்து சாமானை ஏற்றிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

ஜேக்கப்ஸின் சொந்த வீட்டையே எடுத்துக்கொள்வோம். 555 ஹட்சன் தெரு. கீழ்த்தளத்தில் முன்பு மிட்டாய்க் கடை இருந்த ஒரு சின்னக் கட்டடம். அவரும் கணவர் ராபர்ட்டும் 1947இல் அதை 7,000 டாலருக்கு வாங்கினார்கள். 1968இல் குடும்பத்தோடு கனடாவின் டொரன்டோவுக்குப் போனார்கள். 2009இல் அதே வீடு 30 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. பணவீக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால் பழைய 7,000 டாலர் 2009இல் சுமார் 70,000 டாலர். அப்படிப் பார்த்தாலும் 40 மடங்குக்கு மேல் ஏற்றம். இடையில் 1969இல் கிரீனிச் வில்லேஜ் வரலாற்றுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கட்டடங்கள் பத்திரமாக இருக்கின்றன. சின்ன பிளாக்குகள் அப்படியே இருக்கின்றன. அவர் எழுதிய துறைமுகத் தொழிலாளிகளும் சில்லறைக் கடைக்காரர்களும் அந்த வாடகைக்கு இன்று அங்கே குடியேற முடியாது.

இந்த விலைக் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் அந்த வீட்டின் உரிமையாளர் என்பது. விலை ஏறினால் உரிமையாளருக்கு அது சேமிப்பு. வாடகைக்கு இருப்பவருக்கு அதே ஏற்றம் மிரட்டல். நியூயார்க்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குடும்பங்கள் வாடகைக்கு இருப்பவை. விருப்பப்பட்டுத் தங்குவது என்று 15ஆம் அத்தியாயம் சொல்லும்போது, அந்த விருப்பம் யார் கையில் இருக்கிறது என்று கேட்காமல் விட்டதற்கு, எழுதியவர் சொந்த வீட்டு ஜன்னலில் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். இது என் ஊகம்தான்.

புத்தகம் வந்த சூட்டிலேயே வந்த ஒரு நல்ல விமர்சனம் ஹெர்பர்ட் கான்ஸுடையது. பாஸ்டன் வெஸ்ட் எண்ட் இடிக்கப்படுவதற்கு முன் அங்கேயே குடியிருந்து ஆராய்ந்த சமூகவியலாளர் அவர். ஜேக்கப்ஸ் எல்லாவற்றையும் கட்டடத்திலும் தெருவமைப்பிலும் ஏற்றிவிடுகிறார், அந்தத் தெருக்கள் கலகலப்பாக இருந்ததற்குக் காரணம் அங்கே இருந்த உழைக்கும் வர்க்கக் குடியேறிகளின் வாழ்க்கை முறை என்றார். சரியான அடி. ஆனால் கான்ஸ் சொன்ன வாழ்க்கை முறைக்கும் தங்க ஓர் இடம் வேண்டுமே. 1979இல் நீல் ஸ்மித் அந்தப் பக்கத்திலிருந்து வந்தார். ஒரு நிலம் இப்போது தரும் வாடகைக்கும், அதை வேறு விதமாகப் பயன்படுத்தினால் தரக்கூடிய வாடகைக்கும் இடையே உள்ள இடைவெளி போதுமான அளவு பெரிதாகும்போது மூலதனம் திரும்பி வரும் என்பது அவர் கருத்து. அவர் கணக்குப்படி, பாழடைந்த பேட்டை என்பது மலிவாகக் காத்திருக்கும் நிலம். ஜேக்கப்ஸ் ரசித்த குறைந்த வாடகை இந்தக் காத்திருப்பின் மறுபக்கம்.

வலது பக்கத்திலிருந்தும் ஒரு விமர்சனம் உண்டு. பொருளாதார அறிஞர் எட்வர்ட் கிளேசர் 2011இல் வந்த தன் புத்தகத்தில், பழைய குட்டைக் கட்டடங்களைக் காப்பாற்றினால் வாடகை குறையும் என்று ஜேக்கப்ஸ் நினைத்தது தவறு, புதிதாகக் கட்ட விடாவிட்டால் வாடகை ஏறத்தான் செய்யும் என்கிறார். பாதி உண்மை. பாதுகாப்புச் சட்டம் வில்லேஜைப் பூட்டிவைத்தது, பூட்டியது விலை ஏறியது. ஆனால் நகரம் முழுவதற்கும் இருபது வருடத்தில் சரியாகும் ஒரு சராசரி, அடுத்த மாதம் வாடகை கட்ட வேண்டிய ஒரு குடும்பத்துக்குப் பதில் ஆகாது. புது வீடுகள் வேண்டும். அவை எழும்பும் வரை பழையவர்கள் எங்கே இருப்பார்கள் என்ற கேள்வியும் கூடவே வேண்டும்.

சரி, வாடகைப் பாதுகாப்பு உண்மையிலேயே வேலை செய்கிறதா? 2004இல் லான்ஸ் ஃப்ரீமன், ஃபிராங்க் பிரகோனி இருவரும் 1990களின் நியூயார்க்கை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஜென்ட்ரிஃபிகேஷன் நடக்கும் பகுதிகளில் இருந்த ஏழைக் குடும்பங்கள், மற்ற பகுதிகளில் இருந்தவர்களைவிடக் குறைவாகவே இடம் மாறின என்பது அதன் முடிவு. உடனே பலர் 'வெளியேற்றம் என்பதே கட்டுக்கதை' என்று கிளம்பிவிட்டார்கள். கட்டுரையைப் பொறுமையாகப் படித்தால் வேறு விஷயம் தெரியும். ஆய்வு நடந்த நகரத்தில் 1969 முதல் வாடகை நிலைப்படுத்தல் சட்டம் இருக்கிறது. பொதுவாக 1974க்கு முன் கட்டப்பட்ட, 6 அல்லது அதற்கு மேல் வீடுகள் கொண்ட கட்டடங்களில் வருடாந்தர ஏற்றத்துக்கு ஒரு வாரியம் வரம்பு வைக்கும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. இன்றும் சுமார் 10 லட்சம் வீடுகள் இதில் வருகின்றன. கேத்தி நியூமன், எல்வின் வைலி 2006இல் எழுதிய பதில் கட்டுரையும் இதைத்தான் சுட்டியது: மக்கள் தங்க முடிந்ததற்கு இந்த மாதிரிப் பாதுகாப்புகள் ஒரு முக்கியக் காரணம்.

பீட்டர் மார்க்கூஸ் 1985இலேயே இன்னொன்றையும் சொல்லியிருந்தார். இருப்பவர் வெளியேறுவதை மட்டும் எண்ணினால் போதாது. ஒருவர் தானாகவே காலி செய்துவிட்டுப் போன வீட்டில், அதே வசதியுள்ள இன்னொருவர் வர முடியவில்லை என்றால் அதுவும் வெளியேற்றம்தான். நியூயார்க் சட்டத்தின் ஓட்டை சரியாக அங்கேதான் இருந்தது. 1990களில் கொண்டுவந்த திருத்தங்களின்படி, காலியாகும் வீட்டின் வாடகை 2,000 டாலரைத் தொட்டால் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடும். அதனால் குடியிருப்பவர் எப்போது போவார் என்று காத்திருப்பதில் உரிமையாளருக்கு லாபம் இருந்தது. 2019இல்தான் அந்த விதி நீக்கப்பட்டது. கடைகளுக்கோ 1963க்குப் பிறகு எந்த வரம்பும் இல்லை. சாவி கொடுத்து வைக்கக் கடைக்காரர் இல்லாமல் போனதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

கடைசியாக ஒரு உதாரணம். ஜேக்கப்ஸும் அவருடைய அக்கம்பக்கத்தவர்களும் எதிர்ப்பதோடு நிற்கவில்லை. மாற்றுத் திட்டம் ஒன்றையும் வைத்தார்கள். வெஸ்ட் வில்லேஜ் ஹவுசஸ். யாரையும் காலி செய்யாமல், வெறும் இடங்களில் லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடங்கள். நகராட்சியோடு பல வருடம் மல்லுக்கட்டி, 1970களின் நடுவில் 42 கட்டடங்களில் 420 வீடுகள் எழும்பின. மிட்செல்-லாமா என்ற 1955ஆம் ஆண்டின் மாநிலத் திட்டத்தில் அவை வந்தன. உரிமையாளருக்கு வரிச் சலுகையும் மலிவுக் கடனும் கிடைக்கும், பதிலுக்கு வாடகையைக் குறைவாக வைக்க வேண்டும், 20 வருடம் கழித்து விரும்பினால் வெளியேறலாம்.

தோற்றத்தில் அந்தக் கட்டடங்கள் ரொம்ப சாதாரணம். அதைக் குறை சொல்லாதவர்கள் குறைவு. ஆனால் அந்த ஏற்பாடு இருந்தவரை, விலை விண்ணைத் தொட்ட அந்தப் பேட்டையில் நடுத்தர வருமானக்காரர்கள் தங்கினார்கள். 2000களில் உரிமையாளர் தரப்பு வெளியேற முன்வந்தபோது, குடியிருப்பவர்கள் ஒன்றுசேர்ந்து பேரம் பேசி, 2006இல் அதைக் கூட்டுறவுக் குடியிருப்பாக மாற்றினார்கள். அன்று உள்ளே இருந்த பலருக்குச் சந்தை விலைக்குக் கீழே வீடு கிடைத்தது. அவர்களுக்கு நல்லது. ஆனால் 20 வருடம் என்ற அந்த ஷரத்து எழுதப்பட்ட நாளிலேயே, அடுத்த தலைமுறைக்கான கதவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. செங்கல், மாடி எண்ணிக்கை, பிளாக்கின் நீளம் எதுவும் மாறவில்லை. மாறியது ஒப்பந்தம்.

அதனால் ஜேக்கப்ஸைப் படிக்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கண்டிப்பாகப் படியுங்கள். 13, 15, 16 ஆகிய அத்தியாயங்களைச் சேர்த்துப் படியுங்கள். பணம் ஒரு பேட்டைக்குள் மெதுவாக வர வேண்டும், வெள்ளம் போல வரக் கூடாது என்று 16இல் அவர் சொல்வதை இன்றைக்கும் எந்த நகராட்சியும் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அவருடைய நான்கு நிபந்தனைகளை மட்டும் உருவி எடுத்து, 'நடக்க ஏதுவான தெரு', 'கலப்புப் பயன்பாடு' என்று பளபளப்பான திட்ட அறிக்கைகளில் ஒட்டுகிறார்களே, அந்த அறிக்கைகள் கையில் வந்தால் படங்களை விட்டுவிட்டு மூன்று விஷயத்தைத் தேடுங்கள். இப்போது வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உரிமை உண்டா? வருட ஏற்றத்துக்கு வரம்பு உண்டா? அந்தப் பாதுகாப்பு எந்த ஆண்டு காலாவதியாகிறது? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டு நடந்து போகிறவர்கள் இப்போது அங்கே இருப்பவர்கள் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.